ஷார்ட்டுக்குப் பிறகு பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? டைனமோவைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

காரில் எங்கோ ஷார்ட் ஆகி ஒயர் கருகுகிறது. அந்த ஒயரை மாற்றிய பிறகும் மீட்டர் போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு அணையவில்லை. உடனே "டைனமோ போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், போயிருக்கலாம்தான். ஆனால் அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு பெரிய மெயின் ஃபியூஸ் இருக்கிறது. ஷார்ட் ஆனால் உருகிப்போகட்டும் என்றே வைத்தது அது. அதைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்யாதீர்கள்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மி.மீ. ஸ்பேனர், இரண்டு ஒயர் வைத்த 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. இங்கே சொல்வதெல்லாம் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களுக்கு மட்டும். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களில் இதை முயல வேண்டாம்.

தொடங்கும் முன்

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு இன்னொரு ஷார்ட் ஆகலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் "சோதிக்கும்" பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவையே காலி செய்துவிடலாம்.

படி 1: பேட்டரி

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற காரில் 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.0 பக்கம் இருந்தால் பெரும்பாலும் காலி. காலியான பேட்டரியோடு மற்ற சோதனைகளைச் செய்தால் அளவுகள் குழப்பும், அதனால் வெளியே கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் ஏறவில்லை. (சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைக்கும். ஹெட்லைட் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.) அப்படியே பெல்ட்டையும் ஒரு பார்வை பாருங்கள். தளர்ந்த பெல்ட்டும் இதே அறிகுறியைக் காட்டும்.

படி 2: மெயின் ஃபியூஸ்

இன்ஜினை அணைத்துவிடுங்கள். டைனமோவின் பின்பக்கம் நட் போட்டு இறுக்கிய தடித்த ஒயர் ஒன்று இருக்கும், ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். மூடியை விலக்கி, மீட்டரின் சிவப்பு முனையை அந்த போல்ட்டிலும் கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். முனை வேறெதிலும் படக்கூடாது, அந்த போல்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும். பேட்டரியில் பார்த்த அதே வோல்டேஜ் இங்கும் வர வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஃபியூஸோ ஒயரோ அறுந்திருக்கிறது. ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவ் முனையிலோ பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியிலோ இருக்கும். பார்வைக்கு அறுபடாமல் இருந்தாலும் நம்பாதீர்கள், பேட்டரியைத் துண்டித்துவிட்டு மீட்டரில் கன்டின்யூட்டி (ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இணைப்பு இருக்கிறதா என்று) பாருங்கள்.

போன ஃபியூஸின் இடத்தில் நேராகப் புதியதைப் போடாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு, எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, ஃபியூஸ் இடத்தில் பல்பை மாட்டிவிட்டு பேட்டரியை இணையுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. தனி ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஃபாக் லேம்ப், ஹாரன் ஒயர்கள் பாடியின் தகரத்தில் உரசும் இடங்களை முதலில் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகே ஃபியூஸ். அதே ஆம்பியர்தான் போட வேண்டும். அதன் இடத்தில் செம்புக் கம்பி சுற்றினால் அடுத்த ஷார்ட்டில் ஃபியூஸுக்குப் பதில் வண்டியே எரியும்.

படி 3: சார்ஜ் விளக்கு

இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? பல கார்களில் டைனமோவை எழுப்பும் சிறு கரண்ட் அந்த விளக்கு வழியாகத்தான் போகிறது. மீட்டர் போர்டு ஃபியூஸையும் டைனமோவில் செருகியிருக்கும் சிறிய கனெக்டரையும் பாருங்கள்.

படி 4: டைனமோவேதானா?

ஃபியூஸ், பெல்ட், ஒயர் எல்லாம் சரி, ஆனாலும் சார்ஜ் இல்லை என்றால் சந்தேகம் டைனமோ மேல்தான். இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், டைனமோவுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றி மாட்டியதால் வந்த ஷார்ட் என்றால் இதை முதலிலேயே எதிர்பார்க்கலாம். முழு டைனமோ மாற்றியாக வேண்டும் என்றில்லை. டயோடு பிளேட்டோ, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ மட்டும் மாற்ற முடியுமா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

படி 5: இரவில் இறங்குகிறதா?

கசியும் டயோடு, நின்ற வண்டியிலும் பேட்டரியை உறிஞ்சும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, 10 ஆம்பியர் துளையில் செருகிய மீட்டரை அந்த ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் இணையுங்கள். கதவெல்லாம் மூடி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும். அளவு அதிகமாக இருந்தால் பேட்டரியைத் துண்டித்து, டைனமோவின் தடித்த ஒயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு சட்டென்று இறங்கினால் கசிவு டைனமோவில். இறங்காவிட்டால் சிறிய ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான்.