புதிய விரிவுரையாளரை ஆய்வுப் பணியில் ஊன்றச் செய்வது எப்படி?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில், 2001இல் தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் போன்ற ஒரு வளாகத்தில் பணியேற்கும் இளம் விரிவுரையாளர், தாம் பழகிய ஆய்வுக்கூடத்தையும் மேற்பார்வையாளரையும் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ விட்டுவிட்டுத்தான் வருகிறார். அவருக்கு வழிகாட்டியாக நியமிக்கப்படும் மூத்தவர், "ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அந்த நியமனம் கோப்போடு நின்றுவிடும். முதல் சந்திப்பிலேயே இரண்டு பக்க ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுதிவரச் சொல்லுங்கள். அதன்பின் நடக்கும் ஒவ்வொரு சந்திப்பும் அந்தத் தாளைத் திருத்துவதாகவே இருக்கட்டும்.

அதற்கு முன்பு, வாரத்தில் ஒரு அரைநாளை வகுப்பும் கூட்டமும் இல்லாமல் ஒதுக்கித் தரும்படி துறைத் தலைவரிடம் நீங்களே பேசுங்கள். புதிதாக வந்தவர் இதைக் கேட்கத் தயங்குவார்.

முன்மொழிவில் பெரும்பாலும் தலைப்பு மிக அகலமாக இருப்பதுதான் குறையாக இருக்கும். 'தோட்டத் தொழிலாளரின் நல்வாழ்வு' என்று ஒருவர் எழுதிவந்தால், எந்தத் தொழிலாளர், எந்த வேலை, எந்த உறுப்பு என்று கேட்டுக்கொண்டே போங்கள். உயர்ந்த செம்பனையில் நீண்ட கம்பில் பூட்டிய அரிவாளால் அண்ணாந்து குலை வெட்டுபவருக்கும், குட்டை மரத்தில் உளியால் வெட்டுபவருக்கும் கழுத்து, தோள் வலியில் வேறுபாடு உண்டா என்ற கேள்வி வரை அது குறுகிவிட்டால், யாரை அளப்பது, எதை அளப்பது என்பது தானாகவே தெளிவாகும். தோட்டம் என்றாலே தமிழர் என்று எண்ணித் தமிழில் மட்டும் வினாநிரல் தயாரிப்பதும் பரவலாகக் காணப்படும் பிழை. தமிழ்க் குடும்பங்களில் பல தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. இன்று குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். முன்மொழிவை முடிப்பதற்கு முன்பே இளையவரைத் தோட்டத்துக்கு ஒருமுறை அனுப்பி வைத்தால், இதை நீங்கள் சொல்லத் தேவையிருக்காது.

அனுமதி விஷயத்தில் வழிகாட்டி கண்டிப்பாக இருக்க வேண்டும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வரும்வரை ஒரு வினாநிரல்கூட வெளியே போகக்கூடாது. தமிழ்ப்பள்ளியில் தரவு திரட்டுவதானால் கல்வி அமைச்சின் திட்டமிடல், ஆய்வுப் பிரிவாகிய இ.பி.ஆர்.டி.யிடமும், அதன்பின் மாநிலக் கல்வி இலாகாவிடமும் அனுமதி பெற வேண்டும். அரசு மருத்துவமனையானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிய வேண்டும். தோட்ட நிர்வாகி கையொப்பமிட்ட கடிதம் உள்ளே நுழைவதற்கு மட்டுமே உதவும். அது தொழிலாளியின் இசைவு ஆகாது. வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பக்கத்தில் நிற்க, "விருப்பமுள்ளவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். வேலை முடிந்தபின், அவர்கள் இருப்பிடத்துக்குச் சென்று, அவர்கள் மொழியில் விளக்கிக் கேட்பதே முறை.

மானியத்துக்கு விண்ணப்பிக்கையில், உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டமாகிய எஃப்.ஆர்.ஜி.எஸ். எதை எதிர்பார்க்கிறது என்பதை இளையவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது புதிய அறிவையும் கோட்பாட்டையும் நாடுகிறது. தோள்பட்டைக்கு ஒரு புதிய பட்டியை வடிவமைப்பேன் என்று எழுதினால், ஆய்வு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது தவறான வாசலைத் தட்டுவதுதான். மாதிரிப் பொருள் உருவாக்குவதற்கு வேறு மானியம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் வேற்றுத் துறையினர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் நிறுத்தித் திரும்பப் படிக்கிறாரோ, அந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.

கட்டுரை அனுப்பும் கட்டத்தில், இதழ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பாமல், ஆய்விதழ்களைத் தொகுத்துத் தரும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் பட்டியலிலேயே அதன் பெயரைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஆசிரியர் வரிசையைத் தரவு திரட்டும் முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த 4 நிபந்தனைகளின்படி, ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பு ஆகிய நான்கும் பொருந்துபவரே ஆசிரியர். வழிகாட்டி என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் பெயரைச் சேர்க்க இளையவர் முன்வந்தால், அதை மறுத்து, நன்றியுரையில் ஒரு வரி போதும் என்று சொல்லிவிடுங்கள்.