ஓப்பன் ஹவுஸுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்: தொடக்கநிலை 1 பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1-க்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், பதிவு தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் சனிக்கிழமைகள் ஓப்பன் ஹவுஸுக்கே, அதாவது பள்ளிகள் பெற்றோரை வரவழைத்துச் சுற்றிக் காட்டும் நாள்களுக்கே, போய்விடும். பலர் பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். "சின்னப் பிள்ளை, அங்கே வந்து என்ன பண்ணப்போகுது?" என்று கேட்பார்கள். ஆறு ஆண்டு அந்தப் பள்ளியில் இருக்கப்போவது பிள்ளைதானே! முதல்வர் சொல்லும் பல விவரங்கள் பள்ளியின் இணையப்பக்கத்திலேயே இருக்கும். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உங்கள் பிள்ளைக்கு எட்டுமா என்பது அங்கே இருக்காது. ஆகவே கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இரண்டு பள்ளி போதும்

ஆறு வயதுப் பிள்ளையோடு ஐந்தாறு பள்ளி ஏறி இறங்க முடியாது. நான்காவது பள்ளியில் அதற்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். முதலில் ஒன்மேப் என்ற அரசாங்க இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, 1 கிலோமீட்டருக்குள் எந்தெந்தப் பள்ளி வருகிறது என்று பாருங்கள். பதிவு கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணனோ அக்காளோ அங்கே படிக்காத, பள்ளியோடு வேறு தொடர்பும் இல்லாத பிள்ளைகள் பெரும்பாலும் 2சி கட்டத்தில்தான் பதிவார்கள். இடத்தைவிட ஆள் கூடினால் குடிமக்களுக்கு முதல் முன்னுரிமை, அப்புறம் நிரந்தரவாசிகள். அதற்குள்ளும் தூரம் பார்ப்பார்கள்: 1 கிலோமீட்டருக்குள், 1 முதல் 2 கிலோமீட்டர், அதற்கு மேல். எந்தப் பிரிவில் இடம் பற்றவில்லையோ அந்தப் பிரிவுக்குக் குலுக்கல். 2022 பதிவிலிருந்து ஒவ்வொரு பள்ளியும், பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோர் போன்றவர்களுக்கான முந்தைய கட்டமான 2பி-க்கு 20, 2சி-க்கு 40 என 60 இடங்களை ஒதுக்கி வைக்கிறது. முந்தைய ஆண்டுகளில் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போட்டி இருந்தது என்பதைக் கல்வி அமைச்சின் இணையப்பக்கத்தில் பார்க்கலாம். கிடைக்க உண்மையிலேயே வாய்ப்பு உள்ள பள்ளி ஒன்று கட்டாயம் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

படி 2: முன்பதிவும் பிள்ளையிடம் சொல்வதும்

சில பள்ளிகள் ஒரு குடும்பத்துக்கு இரண்டு இருக்கைதான் தரும். பிள்ளையை அழைத்து வரலாமா, தள்ளுவண்டி கொண்டு வரலாமா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நேரம் இருந்தால் காலை நேரத்தை எடுங்கள். மதியத் தூக்கம் கெட்ட பிள்ளையோடு எந்தப் பள்ளியும் நல்ல பள்ளியாகத் தெரியாது.

வீட்டில் பிள்ளையிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். "இதுதான் உன் ஸ்கூல்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். குலுக்கலில் கிடைக்காமல் போனால், தன்னை அந்தப் பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். "பெரிய பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரலாம்" என்றால் போதும். அதேபோல் "டீச்சர் கேட்டா நல்லா பதில் சொல்லணும்" என்று பயமுறுத்த வேண்டாம். தொடக்கநிலை 1-க்கு இங்கே நேர்காணல் கிடையாது. பிள்ளை அங்கே எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

படி 3: பை

தண்ணீர்ப் புட்டி, சிந்தாத தின்பண்டம், ஒரு மாற்றுச் சட்டை, வரைய ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். பிள்ளைக்குப் பழகிய காலணியைப் போட்டுவிடுங்கள்.

படி 4: பள்ளி வாசலில் பிரிந்துகொள்ளுங்கள்

அரங்கத்தில் ஒருவர் உட்காரட்டும், மற்றவர் பிள்ளையோடு நடக்கட்டும். ஒரு மணி நேர உரையில் பிள்ளையை "ஷ்ஷ்" என்று அடக்கிக்கொண்டே இருந்தால் உரையும் காதில் விழாது, பிள்ளைக்கும் பள்ளி என்றாலே அலுத்துப்போகும். ஒருவர் மட்டும்தான் போகிறீர்கள் என்றால், உரையை விட்டுவிட்டுச் சுற்றிப் பார்ப்பதில் சேர்ந்துகொள்ளுங்கள். வழிகாட்டுவது பெரும்பாலும் தொடக்கநிலை 5, 6 மாணவர்களாக இருப்பார்கள். உங்கள் பிள்ளையை அந்த அண்ணன் அக்காளிடம் பேசவிடுங்கள். "ரிசஸ்ல என்ன விளையாடுவீங்க?" என்று கேட்டால் அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள்.

படி 5: கேண்டீனும் கழிப்பறையும்

என்னைக் கேட்டால் இந்த இரண்டு இடங்களில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

பாலர் பள்ளியில் சாப்பாடு மேசைக்கே வந்திருக்கும். தொடக்கநிலை 1-இல் பல பள்ளிகளில் பிள்ளை தானே வரிசையில் நின்று, தானே கேட்டு, காசு கொடுத்து, மீதி வாங்கி, கிண்ணத்தை மேசை வரைக்கும் தூக்கிப் போக வேண்டும். இடைவேளை பெரும்பாலும் அரை மணி நேரம்தான். அதற்குள் சாப்பிட்டு முடித்துத் தட்டையும் திருப்பி வைக்க வேண்டும். கடையின் முகப்பு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பிள்ளையை அங்கே நிறுத்திப் பாருங்கள். மூக்கு மட்டும் தெரிகிறதா, கை நீட்டிக் காசு கொடுக்க முடிகிறதா? அன்று கடை திறந்திருந்தால் ஒரு கிண்ணம் மீ சூப்பைப் பிள்ளையையே வாங்கவிட்டு, நீங்கள் நாலடி தள்ளி நில்லுங்கள். பிள்ளை கண்ணைக் கிண்ணத்தைவிட்டு எடுக்காமல், சூப் விளிம்பில் தளும்பத் தளும்ப, அடி மேல் அடி வைத்து வரும். கை நீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள். ஜனவரியில் பள்ளி தொடங்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். சைவக் குடும்பம் என்றால் எந்தெந்தக் கடையில் சைவம் உண்டு, தினமும் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழிப்பறை. பாலர் பள்ளியின் குட்டிக் கழிப்பறையில் பழகிய பிள்ளைக்கு இங்கே எல்லாம் பெரிதாகத் தெரியும். சில பள்ளிகளில் குந்தும் வகையும் இருக்கும். அதைப் பார்த்தே இராத பிள்ளைகள் உண்டு. தாழ்ப்பாள் போட்டுத் திறக்கத் தெரிகிறதா, ஃபிளஷ் விசையை அழுத்த முடிகிறதா என்று பிள்ளையே செய்து பார்க்கட்டும். பயத்தில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் வீட்டிலேயே பழக்கிவிடலாம்.

படி 6: தமிழ் எங்கே நடக்கிறது?

தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுக்கப்போகிறவர்கள் இதைக் கேட்காமல் திரும்பக் கூடாது. சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழி என்றால் சீனம் மட்டும்தான். பள்ளி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் தமிழ் அங்கே கிடையாது. மற்ற பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளிக்குள்ளேயே நடக்கிறதா, ஒரு நிலைக்கு எத்தனை தமிழ்ப் பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று விசாரியுங்கள். தாய்மொழிப் பாடத்துக்குப் பிள்ளைகள் தங்கள் வகுப்பைவிட்டு வேறு அறைக்குப் போவார்கள். அந்த அறை எந்த மாடியில் என்று கேட்டு, பிள்ளையோடு ஒரு தடவை நடந்து பாருங்கள். தமிழாசிரியர் அங்கே இருந்தால் பிள்ளை வணக்கம் சொல்லட்டும். அவர் தமிழில் பேச்சுக் கொடுக்கும்போது அதன் முகத்தைக் கவனியுங்கள். இந்த ஊரில் நம் பிள்ளைகளின் நாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுகிறது. தமிழ் பேச ஆசையாய் ஒரு முகம் பள்ளியில் கிடைப்பதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

பள்ளி முடிந்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்குமா என்பதும் முக்கியம். பள்ளி ஏறக்குறைய ஒன்றரை மணிக்கே விட்டுவிடும். வேலைக்குப் போகும் பெற்றோர் இதைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம்.

படி 7: இடுப்பில் இருக்கும் குட்டி

தம்பி தங்கையும் கூட வந்தால் தள்ளுவண்டியைவிடத் துணித்தொட்டில் பை வசதி. மாடிப்படிகள் நிறைய இருக்கும். அழுதால் கூச்சப்படாமல் வெளியே வந்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இன்னொன்று: மூத்த பிள்ளை அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால் இளையது முதல் கட்டத்திலேயே பதிந்துவிடும். ஆக இன்று நீங்கள் பார்ப்பது இரண்டு பிள்ளைக்குமான பள்ளி. மூத்தது அமைதி, இளையது துறுதுறு என்றால் திடல், விளையாட்டு, இணைப்பாட நடவடிக்கைகளை இரண்டு பேரையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

"ஸ்கூல் பிடிச்சுதா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "தண்ணி எங்க குடிச்ச?", "எந்த இடத்துல சத்தம் அதிகமா இருந்துச்சு?", "அந்த அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். ஒரு தாளைக் கொடுத்துப் பள்ளியை வரையச் சொல்லுங்கள். பிள்ளை சொன்னதை அன்று இரவே அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த பள்ளியைப் பார்த்ததும் இரண்டும் குழம்பிவிடும்.

பதிவுக்கு முன் இந்தக் குறிப்பையும், அரங்கத்தில் உட்கார்ந்தவர் எழுதியதையும், தூரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள். முடிவு உங்களுடையதுதான், ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் அதைப் போட வேண்டாம். எந்தப் பள்ளி கிடைத்தாலும் கிண்ணம் தூக்குவதையும் தாழ்ப்பாள் போடுவதையும் சில்லறை எண்ணுவதையும் டிசம்பர் விடுமுறைக்குள் பழக்கிவிடுங்கள்.