கேட்காமலே மாற்றிவிட்ட லேண்ட்லைன்: செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காரைக்குடி 04565, தேவகோட்டை 04561. இந்த எஸ்டிடி குறியீடுகளுக்குப் பின்னால் முப்பது நாற்பது வருடமாக மாறாத எண்கள் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் அச்சான எண், கோயில் புள்ளிக் கணக்கில் (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பதிவில்) எழுதிய எண். வீட்டில் ஆச்சி ஒருவர் மட்டும் இருப்பார், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ஒரு நாள் வாசலில் பையோடு ஒருவர் வந்து நிற்கிறார்.

"ஆச்சி, பழைய கம்பி லைனை எல்லாம் எடுக்கப் போறாக. ஃபைபருக்கு மாத்திக்கங்க, நம்பர் அதேதான். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் முகப்பில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதாவது ஃபைபர் மோடம், ஏறிவிடும். வாசல் கம்பி வெட்டப்பட்டிருக்கும். அடுத்த மாதம் பில் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம். சண்டை பிறகு. என்ன மாறியது, யார் சரி என்று சொன்னது, இந்த இரண்டையும் முதலில் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் செய்யக்கூடாதவை

பெட்டியைக் கழற்றிப் பரணில் போடாதீர்கள். "சரி பண்ண வந்திருக்கோம்" என்று வருகிறவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம், இன்னொரு ஓடிபியும் வேண்டாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண், விளக்குகள், வாசலில் வெட்டிவிட்ட கம்பி நுனி, எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் தேதி பதிவாகும். அதுவே பின்னால் சாட்சி.

படி 1: என்ன மாறியது?

நடப்பது மூன்று வகை. அதே நிறுவனம் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றியிருக்கலாம். வேறு நிறுவனம் புது இணைப்பு கொடுத்திருக்கலாம். லைனைத் தொடாமல் திட்டத்தை மட்டும் விலை கூடியதாக மாற்றியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

இதில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நம் நாட்டில் செல்போனுக்கு மட்டுமே உண்டு. 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது அதுதான். லேண்ட்லைனுக்கு அது கிடையாது. ஆகவே வேறு நிறுவனத்தின் ஆள் "நம்பர் அதேதான்" என்று சொல்லியிருந்தால் அது பொய். அதே நிறுவனத்துக்குள் கம்பியிலிருந்து ஃபைபருக்குப் போகும்போது எண் நிலைக்க வழி உண்டு. வேறு நிறுவனத்தின் ஆள் "நம்பர் அதேதான்" என்றார் என்று புகாரில் எழுதும் ஒரு வரியே ஏமாற்றுக்குக் கனமான ஆதாரம்.

இப்போது சோதனை. போனை எடுங்கள். டயல் டோன் வருகிறதா? வந்தால் உங்கள் செல்லுக்கு அழையுங்கள். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் போக முன்னால் 0 சேர்க்க வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் அப்படித்தான். திரையில் எந்த எண் விழுகிறது என்று பாருங்கள். பழைய எண்ணே என்றால் மாற்றியது பெரும்பாலும் அதே நிறுவனம். புது எண் என்றால் வேறு இணைப்பு, பழையது எங்கோ தனியாகக் கிடக்கிறது.

அடுத்து செல்லிலிருந்து பழைய எண்ணுக்கு அழையுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பி வாசலில் வெட்டிக் கிடந்தாலும் எக்ஸ்சேஞ்ச் மணியை அனுப்பிக்கொண்டே இருக்கும். அழைக்கிறவர் காதில் மணி அடிக்கும், வீட்டில் சத்தமே இருக்காது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை "ஆத்தா எடுக்க மாட்டேங்கிறாகளே" என்று பதறுவது இதனால்தான். மணி கேட்கிறது என்பதை லைன் நன்றாக இருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, போன் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, சுவரில் இருக்கும் பழைய ரோசட்டில் (போன் வயர் சொருகும் சிறு பெட்டியில்) சொருகுங்கள். டோன் வந்தால் பாதி நிம்மதி: கம்பியும் இருக்கிறது, இணைப்பையும் யாரும் சரண்டர் செய்யவில்லை, அதாவது வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவில்லை. வராவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டர் வாங்கி டிசியில் வைத்து இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ரிசீவர் கீழே வைத்திருக்கும்போது நல்ல லைனில் 48 வோல்ட் சுமாருக்குக் காட்டும். சுழி என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது எக்ஸ்சேஞ்சிலேயே கழற்றிவிட்டார்கள். வெறும் கையால் கம்பியைப் பிடிக்க வேண்டாம். மணி அடிக்கும் நேரத்தில் அதில் 75 வோல்ட்டுக்கு மேல் ஏசி ஓடும், சுரீர் என்று இழுக்கும்.

வெள்ளைப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை. மடங்கியோ அறுந்தோ போயிருக்கும். ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தும் டோன் இல்லையென்றால், இணையம் மட்டும் கொடுத்துவிட்டு போன் வசதியை இயக்காமல் போய்விட்டார்கள்.

படி 2: லைன் யார் பெயரில் இருக்கிறது?

செட்டிநாட்டில் சிக்கல் இங்கேதான் ஆரம்பம். பில்லில் இருப்பது ஐயா பெயர். ஐயா காலமாகி இருபது வருடம். வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது. பட்டாலையில் (கூடத்தில்) இருக்கும் போனுக்கு யார் பணம் கட்டுகிறார்களோ அவரே சொந்தக்காரர் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் கணக்கில் அப்படி இல்லை.

புகார் எழுதும் முன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் நல்ல எண்ணத்தில் "மாத்திக்குங்க" என்று தலையாட்டியிருக்கலாம். அது தெரியாமல் மோசடி என்று எழுதிவிட்டால் பிறகு சொந்தத்துக்குள் முகம் பார்க்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. சந்தாதாரர் உயிரோடு இல்லாதபோது அவர் பெயரிலிருந்த இணைப்பை மாற்ற சம்மதம் கொடுத்தது யார்? இந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பால் பதில் சொல்ல முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், கடைசி பில் ஆகியவற்றைச் சேர்த்துப் பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அதற்காகப் புகாரை நிறுத்திவைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றாக ஓடட்டும்.

படி 3: சம்மதத்தின் தடத்தைத் தேடுங்கள்

ஆச்சியின் செல்லில் அந்த நாளின் குறுஞ்செய்திகளைப் பாருங்கள். ஓடிபி செய்தியின் முழு வரியையும் படியுங்கள், எதற்கான ஓடிபி என்று அதிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அழிக்காமல் படம் எடுத்துவையுங்கள்.

ஆதார் எண்ணோ கைரேகையோ வாங்கியிருந்தால், ஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்று ஒரு பகுதி உண்டு. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, ஓடிபியாலா கைரேகையாலா சரிபார்த்தது என்று காட்டும். ஆதார் அட்டையை வெறுமனே படம் எடுத்துப் போயிருந்தால் அதில் விழாது. கையோடு, வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி, ஆதார் தளத்திலேயே கைரேகையைப் பூட்டிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஆச்சி பெயரில் புது சிம் எதுவும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஓடிபி கேட்ட ஆள் ஒன்றோடு நிறுத்தினார் என்று எப்படிச் சொல்வது?

பிறகு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: கையெழுத்துப் போட்ட விண்ணப்பப் படிவத்தின் நகல், அடையாளச் சான்றின் நகல், வேலை செய்த ஏஜென்டின் பெயர். மாற்றியது அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலேயே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் நிறுவனத்திடம் அந்த வழி கிடையாது.

படி 4: புகார் எண் வாங்குங்கள்

கடையில் போய்ச் சத்தம் போடுவதாலும் லைன்மேனிடம் சொல்லிவைப்பதாலும் ஒரு பயனும் இல்லை. பில்லில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். 2012-இன் தொலைத்தொடர்பு நுகர்வோர் புகார் விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்தே ஆக வேண்டும். எண் இல்லாவிட்டால் அடுத்த படியே இல்லை. அன்றே மின்னஞ்சலிலும் இதை அனுப்பிவிடுங்கள்:

"எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் ……, கணக்கு எண் ……. இந்த இணைப்பை …… தேதியில் எங்கள் சம்மதம் இல்லாமல் மாற்றியிருக்கிறீர்கள். நாங்கள் விண்ணப்பம் எதுவும் கொடுக்கவில்லை. சம்மதம் பெற்றதாகச் சொன்னால் அதன் நகலை அனுப்பவும். பழைய எண்ணைச் சரண்டர் செய்யக்கூடாது, வேறு யாருக்கும் ஒதுக்கக்கூடாது. பழைய திட்டத்துக்கு மேல் போட்ட கட்டணத்தை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. புகார் எண் ……."

எண்ணை வேறு யாருக்கும் ஒதுக்கக்கூடாது என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பணம் பின்னால்கூட வரும். எண் ஒருமுறை கை மாறிப் போனால் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

வங்கியிலோ யுபிஐயிலோ தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் நிறுத்துங்கள். பழைய வாடகையை மட்டும் கட்டி, மீதியை ஆட்சேபணை என்று எழுதிக்கொடுங்கள். மொத்தமும் கட்டாமல் விட்டால் "பாக்கி இருந்தது, அதனால் துண்டித்தோம்" என்று கதை மாறிவிடும்.

டாலஸிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் பிள்ளை இணையத்தில் தேடி "30 நாள் பணம் கட்ட வேண்டாமாமே" என்பார். அது அமெரிக்க விதி. அங்கே இந்தத் திருட்டுக்கு ஸ்லாமிங் என்றே பெயர், அவர்களின் 1996 தொலைத்தொடர்புச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. காரைக்குடி பில்லுக்கு அது செல்லாது.

படி 5: பதில் வராவிட்டால்

ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. புகாருக்குக் கிடைத்த தீர்வு திருப்தி இல்லை என்றாலோ, கெடு முடிந்தும் பதில் இல்லை என்றாலோ, அன்றிலிருந்து 30 நாளுக்குள் அவரிடம் போக வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

டிராய்க்கு (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு) எழுதினால் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டிராய் விதி போடுகிற அமைப்பு, தனி ஆள் புகாரை விசாரிக்காது. அதற்குப் பதில் தொலைத்தொடர்புத் துறை மீது மத்திய அரசின் குறைதீர் தளத்தில் பதிவு செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியலாம்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துக்காரர்களுக்குச் சிவகங்கை. திருமயம், பொன்னமராவதி, ராயவரம் பக்கத்துக்குப் புதுக்கோட்டை. தொலைபேசி வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று எதிர்த்தரப்பு சொன்னால், 2022 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் வரும் என்று தீர்ப்பளித்துவிட்டதைச் சொல்லுங்கள். 2019 சட்டப்படி, சந்தாதாரரின் ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆகவே மகன் பெயரில் லைன் இருந்தாலும் ஆச்சி புகார் கொடுக்க இடமுண்டு. 5 லட்ச ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும், இணையவழியிலும் போடலாம்.

படி 6: கம்பியா, ஃபைபரா?

இதில் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். மாற்றியது வேறு நிறுவனம் என்றால் யோசிக்காமல் திருப்பிக் கேளுங்கள். அதே நிறுவனம், அதே எண் என்றால், கூடுதல் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இருப்பதில் மலிவான திட்டத்தோடு ஃபைபரையே வைத்துக்கொள்வது பல வீடுகளுக்கு நல்லது. செம்புக் கம்பி அறுந்தால் திரும்ப இழுக்க இப்போது ஆள் வருவதே அரிது. ஆனால் இரண்டு வேலையைச் செய்யாமல் விடாதீர்கள்.

ஒன்று, மின்சாரம். பழைய போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் பேசலாம். ஃபைபர் பெட்டி வீட்டுக் கரண்டில் ஓடுகிறது, கரண்ட் போனால் போனும் போச்சு. தனியாக இருக்கிற ஆச்சிக்கு இது சின்ன விஷயம் இல்லை. பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்பதன் பக்கத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்குக் குறையாத மினி யுபிஎஸ் வாங்கிப் போடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஃபேனும் லைட்டும்தான் இருக்கும்.

இரண்டு, உள்வயரிங். பெட்டி முகப்பில், ஆச்சி உட்காருவது இரண்டாம் கட்டில். நடுவில் வளவு (நடு முற்றப் பகுதி) முழுக்கக் கிடக்கிறது. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. பெட்டியின் டெல் (TEL) என்ற துளையிலிருந்து ஒரு போன் வயரை எடுத்துப் பழைய ரோசட்டில் கொடுத்தால் வீட்டுக்குள் ஓடும் பழைய கம்பியே டோனைக் கொண்டுபோகும். ஆனால் அதற்கு முன்னால் தெருவிலிருந்து வரும் ஜோடியை ரோசட்டில் கழற்றியே ஆக வேண்டும். அதில் இன்னும் 48 வோல்ட் இருந்தால் இரண்டும் மோதிப் பெட்டியின் போன் பகுதி கெட்டுப்போகும்.

பூட்டிக்கிடக்கும் வீட்டில் திருடன் நுழைந்தால் தானாக டயல் செய்யும் அலாரம் பழைய லைனில் மாட்டியிருந்தால், அதையும் ஒருமுறை அடிக்கவிட்டுச் சோதியுங்கள். ஃபைபரில் சில அலாரங்கள் பேசாது.

புதுப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதானால் வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம். "பெட்டி வரவில்லை" என்று ஆறு மாதம் கழித்து ஒரு பில் வரும்.

எல்லாம் முடிந்த பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஆச்சியையே போனை எடுத்துச் சென்னைக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் அறுபடாமல் பேச முடிகிறதா, அந்தப் பக்கம் பழைய எண்தான் விழுகிறதா என்று பாருங்கள்.