பழைய டீசல் காருக்குப் புது தெர்மோஸ்டாட்: பார்த்து வாங்குவது எப்படி?

எங்கள் ஐயாவின் அம்பாசடர் டீசல் பல வருடம் தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓடியது. "காரைக்குடி வெயிலுக்கு இது எதுக்கு தம்பி?" என்று எப்போதோ ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். காலையில் வெள்ளைப் புகை, பாதிக்கு ஏறாத டெம்பரேச்சர் முள், கூடுதல் டீசல் செலவு. புதிது மாட்டிய பிறகுதான் வண்டி ஒழுங்கானது. முதன்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெர்மோஸ்டாட் ஒரு கதவு. அதன் நடுவில் உள்ள சின்னக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. சூடேறினால் மெழுகு உருகி, விரிந்து, கதவைத் திறக்கும். அப்போதுதான் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும். எஞ்சின் எவ்வளவு சூட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதைத்தான் இது பார்த்துக்கொள்கிறது. மேலே ஏறாமல் காப்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் இவற்றின் வேலை. வெளியே 40 டிகிரி வெயில் அடித்தாலும் டீசல் எஞ்சினுக்கு அது குளிர்ச்சிதான்.

முதலில் பழையது கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் (எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் ரப்பர் குழாய்) வெதுவெதுப்பானால், கதவு திறந்தபடி சிக்கியிருக்கிறது. முள் சிவப்பை நெருங்கியும் மேல் ஹோஸ் சில்லென்று இருந்தால், மூடியபடி சிக்கியிருக்கிறது. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

ஆறியதும் பழையதைக் கழற்றுங்கள். வடியும் கூலண்டை, அதாவது ரேடியேட்டர் தண்ணீரோடு கலந்திருக்கும் திரவத்தை, தரையில் விடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கும், ஆனால் விஷம்.

கடைக்குப் போகும்போது பழைய தெர்மோஸ்டாட்டையும் எஞ்சின் நம்பரையும் கொண்டு போங்கள். "அம்பாசடர் டீசல்" என்று மட்டும் கேட்டால் போதாது. அதில் 1,500 சிசி எஞ்சினும் உண்டு, இசுசுவின் 2,000 சிசி எஞ்சினும் உண்டு. விளிம்பின் விட்டம், மொத்த உயரம், அடியில் பைபாஸை (தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழி) மூடும் தட்டு இருக்கிறதா என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பைபாஸ் தட்டு இருந்த இடத்தில் தட்டு இல்லாததை மாட்டினால், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி சூடாகும்.

அப்புறம் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 82, 88 என்று இருக்கும். கதவு திறக்கத் தொடங்கும் சூடு அது, டிகிரி செல்சியஸில். கம்பெனி சொன்ன எண்ணையே வாங்குங்கள். "நம்ம ஊருக்கு 71 போடுங்க, ஹீட் ஆகாது" என்பார்கள், கேட்காதீர்கள். ரேடியேட்டரில் உப்பு படிந்திருந்தால் எந்த எண் போட்டாலும் சூடாகத்தான் செய்யும்.

மாட்டும் முன் அடுப்படியில் சோதித்துவிடுங்கள். நான் இதை ஒருபோதும் விடுவதில்லை. பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள். 82 போட்டது என்றால் அந்தச் சூட்டையொட்டி மெல்லிய கீற்றாகத் திறக்கும். சுமார் 95-க்குள் நன்றாக விரிந்துவிடும். அடுப்பை அணைத்ததும் மெல்ல மூடி, முழுக்கப் பொருந்த வேண்டும். பெட்டியிலிருந்து பிரித்த புதியதே திறக்காமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். விளிம்பில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வரட்டும். காற்று வெளியேறும் வழி அதுதான். மூடிக்கு இடையில் கசியாமல் இருக்க வைத்திருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதிது போடுங்கள்.

ரேடியேட்டரில் உப்பான போர் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். நம் செட்டிநாட்டு வளவு வீடுகளில் முற்றத்து மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் புழங்கினார்கள், உப்புத் தண்ணீரின் குணம் தெரிந்தவர்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள்.

சரி, இப்போது ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸில் கை வைத்தபடி இருங்கள். சில நிமிடம் சும்மா இருந்த ஹோஸ் சட்டென்று சூடாகும். கதவு திறந்துவிட்டது. திருமயம் வரை ஒரு ஓட்டம் போய் வாருங்கள், முள் நடுவில் நிற்க வேண்டும். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது, கூலண்ட் இறங்கியிருந்தால் குறைந்த அளவை நிரப்பிவிடுங்கள்.