திரையில் கண்ட படம் தாளிலும் அப்படியே வர

கேமராவிலோ கைப்பேசியிலோ எடுத்த படத்தை அச்சிட்டு வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, படம் இருண்டுபோய் வந்திருக்கிறது என்பதுதான். பழி உடனே பிரிண்டரின் மீதோ படம் அச்சிட்டுத் தரும் லேபின் மீதோ விழும். ஆனால், பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. திரை தானே ஒளி வீசுவது; தாளோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் எந்தப் படமும் பளிச்சென்றே தெரியும் என்பதால், திருத்துபவர் அதற்கு வேண்டிய வெளிச்சத்தைக் கூட்டாமலே விட்டுவிடுகிறார்.

ஆகவே, திருத்தத் தொடங்குமுன் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அளவிடும் கருவி வைத்திருப்பவர்கள் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா (வெளிச்சத்தின் அலகு) வரை வைத்துக்கொள்வது வழக்கம். கருவி இல்லாதவர்கள் திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும்வரை குறைத்துக்கொண்டே வரலாம். துல்லியமான முறை இல்லைதான். ஆனாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். வெளிச்சத்தைத் தானாக மாற்றும் வசதியையும், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும்.

அடுத்து, எந்த அளவில் அச்சிடப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பெரும்பாலான கைப்பேசிகள் 4:3 விகிதத்தில் படமெடுக்கின்றன. 4×6 அங்குலத் தாளின் விகிதமோ 3:2. அதாவது, 4000×3000 பிக்சல் கொண்ட கிடைமட்டப் படத்தை அந்தத் தாளில் முழுதாக நிரப்பினால், உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். நாம் வெட்டாவிட்டால் லேபின் மென்பொருள் வெட்டும். பின்வரிசையில் நிற்பவரின் தலையும் வெறும் வானமும் அதற்கு ஒன்றுதான். விளிம்பில்லாத அச்சில் ஓரங்களில் இன்னும் சிறிது போகும் என்பதால், முக்கியமான எதையும் ஓரத்தை ஒட்டி வைக்கக் கூடாது.

பிக்சல் கணக்கு பலரையும் வீணாகக் குழப்புகிறது. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் போதும். 4×6 அளவுக்கு 1800×1200 பிக்சல், அதாவது இருபது லட்சத்துக்குச் சற்று மேல்தான் தேவை. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 முதல் 200 வரை தாராளம். கோப்பின் உள்ளே அங்குலத்துக்கு 72 என்றோ 300 என்றோ எழுதியிருக்கும் எண்ணை மட்டும் மாற்றுவதால் படத்தின் தரம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

திருத்தத்தைப் பொறுத்தவரை, மூலக் கோப்பை ஒருபோதும் தொடாமல் நகலில்தான் வேலை செய்ய வேண்டும். சென்சாரில் பதிந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா (raw) வடிவத்தில் கேமரா படமெடுக்குமானால் அதையே பயன்படுத்துங்கள். வழக்கமான ஜேபெக் (JPEG) கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். இருண்ட முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்போதுதான் இந்த வேறுபாடு தெரியவரும். லைட்ரூம், போட்டோஷாப் ஆகிய திருத்தும் மென்பொருள்களுக்குப் பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு டார்க்டேபிள், கிம்ப் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

கண்ணை மட்டும் நம்பாமல், படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையும் பார்த்துக்கொண்டே திருத்துங்கள். தாளால் திரை அளவுக்கு ஆழ்ந்த கருமையைக் காட்ட முடியாது. கறுப்புச் சட்டையின் மடிப்புகளும் தலைமுடியின் இழைகளும் திரையில் மங்கலாகவாவது தெரியும், அச்சில் ஒரே கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அதனால், நிழல் பகுதிகளைத் திரைக்குத் தேவைப்படுவதைவிடச் சிறிது கூடுதலாகவே உயர்த்த வேண்டும். வெண்மைக்கும் இதே கவனம் தேவை. முழு வெள்ளையான இடத்தில் இங்க்ஜெட் பிரிண்டர் மை தெளிக்காமலே விட்டுவிடும். நிறத் துகள்கள் கலந்த நிறமி மையில் அச்சிட்ட பளபளப்புத் தாளைச் சாய்த்துப் பிடித்தால், மேகத்தின் நடுவே மினுமினுப்பு மாறிய ஒரு திட்டு தனியாகத் தெரியும். மிக வெளிச்சமான இடத்தை முழு வெள்ளையைக் குறிக்கும் 255இல் நிறுத்தாமல் 250 அளவுக்கு இறக்கிவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கூர்மையாக்குவது எப்போதும் கடைசி வேலை. அச்சிடும் அளவுக்குப் படத்தை மாற்றிய பிறகே அதைச் செய்ய வேண்டும். பளபளப்பில்லாத மேட் தாளில் மை சற்றுப் பரவும் என்பதால், அதற்குக் கூர்மை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம். முகத்தின் தோலை மழுமழுவென்று ஆக்கும் வசதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய அச்சில் அவை மெழுகு பூசியதுபோல் காட்டிக்கொடுத்துவிடும்.

லேபுக்கு அனுப்பும் கோப்பை, அவர்கள் வேறு எதுவும் கேட்காதவரை, எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில் (கோப்பின் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கும் என்ற வரையறை) உயர்தர ஜேபெக்காகச் சேமியுங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற வேறொரு நிறவெளியில் அனுப்பிய கோப்பின் நிறக் குறிப்பை அங்குள்ள இயந்திரம் கவனிக்காவிட்டால், படம் வெளிறிப் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். வீட்டிலேயே அச்சிடுபவர்கள், நிறங்களைக் கையாளும் பொறுப்பை மென்பொருளுக்கோ பிரிண்டருக்கோ, ஏதேனும் ஒன்றுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தினால் தோலின் நிறம் சிவந்தோ பச்சை தட்டியோ போகும். அமைப்பில் தேர்ந்தெடுக்கும் தாள் வகையும் பிரிண்டரில் வைத்திருக்கும் தாளும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மை தெளிப்பது என்பதை அந்தத் தேர்வே தீர்மானிக்கிறது.

தாள்களில், பளபளப்பான கிளாசி நிறத்தை எடுப்பாகக் காட்டும், ஆனால் கைரேகையையும் வெளிச்சத்தின் பிரதிபலிப்பையும் சேர்த்தே காட்டும். ஆல்பத்துக்கு மிதமான மினுமினுப்புள்ள லஸ்டர் பொருந்தும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் படங்களுக்கும் என் தேர்வு மேட்தான்.

பெரிய அச்சுக்குப் போகுமுன், படத்தில் முகமும் அடர்ந்த நிழலும் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, அதை முழு அச்சில் வரவேண்டிய அளவிலேயே சிறு தாளில் சோதித்துப் பாருங்கள். அதே பகுதியை வெளிச்சம் ஒவ்வொரு படி கூட்டிய மூன்று நான்கு நகல்களாக ஒரே தாளில் அச்சிட்டால், எது சரி என்பது உடனே புலப்படும். படம் எந்த அறையில் மாட்டப்படுமோ, அந்த அறையின் விளக்கொளியிலேயே பார்த்து முடிவெடுங்கள். இங்க்ஜெட் அச்சின் நிறம் காயக் காயச் சற்று மாறும் என்பதால், ஒருநாள் விட்டுப் பார்த்துவிட்டு முழு அளவில் அச்சிடலாம். அதையும் நன்றாகக் காயவிட்ட பிறகே சட்டம் போட வேண்டும். கண்ணாடியில் நேராக ஒட்டும்படி வைக்காமல், இடையில் அட்டை விளிம்பு ஒன்று கொடுத்து இடைவெளி விடுங்கள்.