சஸ்பீரியா 1977, சஸ்பீரியா 2018: மூலத்தையும் ரீமேக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முறை

"ஒரிஜினல் மாதிரி வருமா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தால் ரீமேக்கைப் பார்க்க முடியாது. திரையில் ஓடுவது ஒன்று, மனசுக்குள் ஓடுவது இன்னொன்று என்று ஆகிவிடும். பேய்ப்படத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழைய படம் பயத்தை எதில் வைத்திருந்தது, புதிய படம் அதை எங்கே தூக்கிக்கொண்டு போனது? இத்தாலிக்காரர் டாரியோ அர்ஜென்டோ 1977இல் எடுத்த சஸ்பீரியாவும், அதே பெயரில் லூக்கா குவாதன்யினோ 2018இல் எடுத்ததும் இந்தப் பயிற்சிக்கென்றே அமைந்த ஜோடி. பெயர், நாட்டியப் பள்ளி, அதை நடத்தும் சூனியக்காரிகள், அமெரிக்காவிலிருந்து வரும் பெண் எல்லாம் ஒன்று. மற்றதெல்லாம் இடம் மாறியிருக்கிறது.

மதுரையில் ஒரு மொட்டை மாடியிலோ சின்ன ஹாலிலோ பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இதைச் செய்வதற்கான வழிமுறை இது. முடிவு உட்பட இரண்டு கதைகளும் கீழே வருகின்றன. இரண்டுமே ரத்தம் தாராளமாக ஓடும் படங்கள், பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். வெளியாட்களைக் கூப்பிட்டுப் போடுவதென்றால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்த படத்தில் கை பழகுங்கள்

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: மாறாதது, இடம் மாறியது, காணாமல் போனது. இதை முதலில் மணிச்சித்திரத்தாழ் (1993), சந்திரமுகி (2005) ஜோடியில் நிரப்பிப் பாருங்கள். சந்திரமுகியை வசனத்தோடு ஒப்பிப்பவர்கள் நம்மூரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பதால் அரை மணியில் முடிந்துவிடும்.

மலையாள மூலத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி. மலையாள வீட்டு மருமகளின் வாயிலிருந்து திடீரென்று தமிழ் வருகிற இடத்தில்தான் அங்கே முதுகு சில்லிடுகிறது. அதை அப்படியே தமிழில் எடுத்திருந்தால்? தமிழ் பேசும் வீட்டில் தமிழ் பேசும் பேயைப் பார்த்து யாருக்கு வியர்க்கும்? அதனால்தான் சந்திரமுகி தெலுங்குக்காரி, 'ரா ரா' தெலுங்குப் பாட்டு. பி. வாசு அதற்கு முந்தைய ஆண்டு கன்னடத்தில் எடுத்த ஆப்தமித்ராவிலும் தெலுங்குதான். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்தபோது நாட்டியக்காரி வங்காளி ஆனாள். ஆக 'மாறாதது' பத்தியில் எழுத வேண்டியது "வீட்டுக்குள் புகுந்த வேற்றுமொழி". தமிழ், தெலுங்கு, வங்காளம் என்பதெல்லாம் 'இடம் மாறியது' பத்திக்குப் போகும்.

அடுத்து நாயகன். மோகன்லால் படம் வெகுதூரம் நகர்ந்த பிறகே வருகிறார். அதுவரை அந்த வீட்டில் நம்மைக் காப்பாற்ற ஆளில்லை. ரஜினி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். காவலுக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வருகிற பயம் வேறு ரகம். நம்மூர் வடிவேலு அந்த அறைப்பக்கம் போய் நடுங்குவது சிரிப்பாக மாறுவதற்கும் அது ஒரு காரணம். "தனியாக விடப்பட்ட உணர்வு" என்பதைக் 'காணாமல் போனது' பத்தியில் எழுதலாம். சந்திரமுகி மட்டம் என்று இதற்குப் பொருளில்லை. என்ன கணக்கில் எடுத்தார்கள் என்பது புரிகிறது, அவ்வளவுதான்.

திரை, விளக்கு, சத்தம்

1977 படத்தில் பாதிக் கதை நிறத்தில் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் லூச்சியானோ டொவோலி நடிகர்களின் முகத்துக்குப் பக்கத்திலேயே வண்ணத் துணிகளை வைத்து, பின்னாலிருந்து பலத்த வெளிச்சம் பாய்ச்சினார். பிரதிகள் டெக்னிக்கலர் சாய முறையில் அச்சாயின. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படத்து நிறங்கள்தான் மாதிரி. அந்தச் சிவப்பு உங்கள் சுவரில் செங்கல் நிறமாக விழுந்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

அப்படி விழுவதற்கு வழக்கமான காரணம் வாடகைக்கு வரும் ஆபீஸ் புரொஜெக்டர். ஒற்றைச் சில்லு டிஎல்பி வகையில் பலவற்றின் வண்ணச் சக்கரத்தில் வெள்ளைக்கென்று ஒரு துண்டு இருக்கும். எக்செல் தாள் பளிச்சென்று தெரிவதற்காக வைத்தது அது. வெள்ளை கூடும்போது சிவப்பும் மஞ்சளும் மங்கிப்போகும். மெனுவில் 'பிரைட்', 'டைனமிக்' என்று இருந்தால் 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். முடிந்தால் வண்ணச் சக்கரமே இல்லாத 3எல்சிடி வகையைக் கேட்டு வாங்குங்கள். இருட்டு அறைக்கு 3000 ஆன்சி லுமென் தாராளம். 'ஆன்சி' என்ற சொல் இல்லாமல் பெட்டியில் அச்சடித்திருக்கும் பெரிய எண்களை நம்ப வேண்டாம்.

சுவரில் போடுவதென்றால் நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த சுவரைத் தவிருங்கள். 2018 படம் ஏற்கெனவே பனிக்கால மங்கலில் இருக்கிறது, இன்னும் நீலம் பாய்ந்துவிடும். ஃப்ளெக்ஸ் கடைக்கு மதுரையில் பஞ்சமா? அச்சடிக்காத வெள்ளை ஷீட் 10 அடிக்கு 6 அடி, சுற்றிலும் கயிறு கோக்க வளையம் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். பளபளப்புப் பக்கம் நடுவில் வெளிச்சக் கொப்புளம் காட்டும், அதனால் மேட் பக்கத்தைப் பார்வையாளர் பக்கம் திருப்புங்கள். பின்னால் கறுப்புத் துணி கட்டாவிட்டால் வெளிச்சம் ஊடுருவிப்போய்க் கறுப்பு சாம்பலாகத் தெரியும்.

10 அடி அகலத் திரையில் 1977 படம் (2.35:1) சுமார் 4¼ அடி உயரம்தான் வரும். 2018 படம் (1.85:1) 5.4 அடி வரும். பட்டை தெரிகிறதே என்று யாராவது ரிமோட்டை எடுத்து ஜூம் பண்ணினால் பழைய படத்தின் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். ஆபத்து எந்த ஓரத்திலிருந்து வரும் என்று கண் அலைவதற்காகத்தான் அந்த அகலம்.

ஒலியில் வருகிற கோளாறு மூன்று. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் வேறு பிளக்கிலும் இருக்கும். இரண்டையும் ஒரே பலகையில் செருகுங்கள், அல்லது சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பேச்சு மட்டும் காணாமல் போனால் 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் ஓட்டுகிறீர்கள், நடுச் சேனல் தொலைந்துவிட்டது. பிளேயரில் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். மூன்றாவது கோளாறு மனிதரால் வருவது. 1977 படத்தில் பேச்சு தணிந்தும் காப்ளின் குழுவின் இசை காதைப் பிளந்தும் இருக்கும். பேச்சு கேட்கவில்லை என்று ஒருவர் எழுந்துபோய் வால்யூமைக் கூட்டுவார். அடுத்த நிமிடம் கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். முதல் 5 நிமிடத்தை வைத்து ஒரே அளவு குறித்துக்கொண்டு குமிழை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

சப்டைட்டில் இல்லாமல் 2018 படத்தைத் தொடங்க வேண்டாம். ஆங்கிலத்தோடு ஜெர்மனும் பிரெஞ்சும் கலந்து பேசுகிறார்கள். கிழ மருத்துவர் வரும் காட்சிகளில் பெரும்பாலும் ஜெர்மன்தான். சில பிரதிகளில் பிறமொழிப் பகுதிக்கான சப்டைட்டில் தனி டிராக்காக இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் படத்தின் கால்வாசி புரியாமலே போய்விடும். பழைய படத்துக்கு ஆங்கில டிராக் போதும், அதில் நாயகி சூசியாக நடித்த ஜெசிகா ஹார்ப்பரின் சொந்தக் குரல் இருக்கிறது.

சித்திரைத் திருவிழா நாட்களிலும், ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போதும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மாடி என்றால் கோடையில் ஏழே கால் மணிக்கு முன் தொடங்கினால் படம் வெளுத்துத் தெரியும்.

எந்த வரிசை, எத்தனை நாள்

98 நிமிடமும் 152 நிமிடமும் சேர்ந்தால் 4 மணி 10 நிமிடம். ஒரே ராத்திரியில் போட்டால் இரண்டாவது படத்தின் நடுவில் குறட்டை கேட்கும். அது போக, சிவப்பில் ஊறிய கண்ணோடு 2018 படத்துக்குள் போனால் அது வெறும் சாம்பலாகத்தான் தெரியும். சனிக்கிழமை பழையது, ஞாயிறு புதியது, அடுத்த வாரம் மூன்றாவது அமர்வு, அதில் ஜோடிக் காட்சிகள் மட்டும். புதியதை முதலில் போடும் தவறைச் செய்ய வேண்டாம். 2018 படம் பல நிறங்களை வேண்டுமென்றே தராமல் வைத்திருக்கிறது. எதைத் தரவில்லை என்பது முதல் படத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஓடும்போது ஒரு படத்துக்கு 12 முதல் 15 குறிப்பு போதும். ஒவ்வொன்றிலும் நிமிடம், சத்தம் எங்கிருந்து வருகிறது, அந்த நேரத்தில் உண்மை யாருக்குத் தெரியும், இவ்வளவுதான். அதற்கு மேல் எழுதுகிறவர் நோட்டைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கவில்லை.

2018 படத்துக்கு முன் இரண்டு நிமிட அறிமுகம் தேவை. கதை நடப்பது சுவரால் பிளந்து கிடந்த பெர்லினில், 1977 இலையுதிர் காலத்தில். மூலப்படம் வெளியான அதே ஆண்டு. அந்த அக்டோபர் 13இல் லுஃப்தான்சா விமானம் ஒன்று கடத்தப்பட்டு, 18ஆம் தேதி மொகதிஷுவில் பயணிகள் மீட்கப்பட்டார்கள். தீவிரவாதம், நாஜிக் காலத்தின் குற்றவுணர்வு இரண்டும் படத்தின் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். இது தெரியாதவர், "பேய்ப்படத்துல எதுக்குய்யா நியூஸு?" என்று கேட்பார். கேட்பது நியாயம்தான். ஆனால் டில்டா ஸ்வின்டன் மூன்று வேடம் போட்டிருக்கிறார் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். கிழ மருத்துவர் கிளெம்பெரரும் அவர்தான், டைட்டிலில் லுட்ஸ் எபர்ஸ்டார்ஃப் என்ற கற்பனைப் பெயர் போட்டிருக்கிறார்கள். படம் முடிந்ததும் எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது அமர்வு: ஜோடிக் காட்சிகள்

முதல் ஜோடி, தொடக்கம். 1977 படத்தில் சூசி விமான நிலையத்திலிருந்து வெளியே நடக்கிறாள். உள்ளே சாதாரணச் சந்தடி. தானியங்கிக் கண்ணாடிக் கதவு திறக்கும்போது மட்டும் அந்த மணி போன்ற மெட்டு உள்ளே நுழைகிறது. கதவு மூடியதும் நின்றுவிடுகிறது. இசை வெளியே, மழையோடு, அவளுக்காகக் காத்திருக்கிறது. இதை மூன்று முறை ஓட்டுங்கள்: ஒரு முறை முழுதாக, ஒரு முறை திரையை மூடி ஒலி மட்டும், ஒரு முறை ஒலியில்லாமல். ஒலியில்லாமல் பார்த்தால் யாரோ ஒரு பெண் டாக்சி தேடுகிறாள், அவ்வளவுதான். பயம் முழுக்கக் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்திருக்கிறது.

2018இல் தொடக்கத்திலேயே பள்ளி மாணவி பட்ரீசியா மருத்துவர் கிளெம்பெரர் வீட்டுக்கு ஓடிவந்து சூனியக்காரிகளைப் பற்றிப் புலம்பிவிடுகிறாள். மூலத்தில் வெகுநேரம் மூடி வைத்த ரகசியத்தை இங்கே வாசலிலேயே கொட்டிவிட்டார்கள். 'என்ன நடக்கிறது' என்ற பயம் போய், 'தெரிந்தும் யாரும் நம்பவில்லையே' என்ற பயம் வந்து உட்காருகிறது. தாம் யார்க்கின் இசையும் அதற்கேற்ப அலறாமல் முனகுகிறது.

இரண்டாவது ஜோடி, முதல் பெரிய வதை. பழைய படத்தில் கொல்லும் கை மட்டும் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. வண்ணக் கண்ணாடிக் கூரை உடைந்து உடல் தொங்குகிறது, கீழே நின்றவளையும் கண்ணாடி வெட்டுகிறது. கட்டடமே கொலையாளி மாதிரி. புதியதில் மேலே சூசி ஆடுகிறாள். கீழே கண்ணாடி பதித்த அறையில் இன்னொரு மாணவி ஓல்காவின் உடல் அவள் ஆட்டத்துக்கேற்ப முறுக்கிக்கொண்டு உடைகிறது. என்ன செய்கிறோம் என்று ஆடுகிறவளுக்கே தெரியாது. இந்த இடத்தில் ஸ்டாப்வாட்ச் வைத்து, எத்தனை நொடிக்கு ஒரு முறை மேலும் கீழும் வெட்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். மூலம் நாட்டியப் பள்ளியில் நடந்தாலும் அதில் நாட்டியம் பேருக்குத்தான் இருக்கிறது. ரீமேக் டாமியென் ஜாலே அமைத்த நடனத்தையே ஆயுதமாக்கிவிட்டது. இது பழைய படம் எடுக்காமல் விட்ட கடனை அடைக்கிற மாற்றம். இந்த ஒரு காட்சியில் ரீமேக்தான் ஜெயிக்கிறது.

நோட்டில் யாரும் எழுதாமல் விடுவது கதவுக் கைப்பிடி. அர்ஜென்டோ முதலில் நினைத்தது 12 வயதுக்குட்பட்ட சிறுமிகள் படிக்கும் பள்ளி. தயாரிப்பாளரான அவருடைய அப்பா மறுத்துவிட்டார். வயது வந்த நடிகைகளை வைத்துக்கொண்டு, கைப்பிடிகளை முகத்து உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டார் மகன். பெரியவர்கள் வீட்டில் மாட்டிக்கொண்ட குழந்தைபோல அந்தப் பெண்கள் தெரிவது அதனால்தான். 2018இன் சூசியிடம் அந்தக் குழந்தைத்தனம் கிடையாது. 'காணாமல் போனது' பத்தியில் இதை எழுதி, அதற்குப் பதில் என்ன வந்தது என்று முடிவுக் காட்சியில் தேடுங்கள்.

கடைசி ஜோடி அதுதான். பழைய சூசி, மயில் பொம்மையிலிருந்து உருவிய கண்ணாடி இறகால் தலைமைச் சூனியக்காரி மார்க்கோஸைக் குத்திவிட்டு, எரிகிற கட்டடத்திலிருந்து மழைக்குள் வெளியேறிச் சிரிக்கிறாள். புதிய சூசி வெளியேறவில்லை. அந்த வீட்டின் உண்மையான தாய் தான்தான் என்று காட்டிக்கொள்கிறாள். அதுவரை பூட்டி வைத்த சிவப்பும் இங்கேதான் திரையை நிறைக்கிறது. தப்பித்தலில் இருந்த முடிவு பட்டாபிஷேகமாகிவிட்டது. ஜெசிகா ஹார்ப்பர், மூலத்தின் சூசி, இங்கே கிளெம்பெரரின் காணாமல் போன மனைவி ஆன்கேயாக வந்து அவரைப் பள்ளிக்குள் அழைத்துப் போகிறார். பழைய முகமே தூண்டிலில் மாட்டிய புழு.

பேச்சைப் பருத்திப்பாலோடு வைத்துக்கொள்வதானால் 2018 படம் முழுதாக முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். எழுத்து ஓடத் தொடங்கியதும் யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோவார். எழுத்துகளுக்குப் பின்னால் சூசியின் சின்னக் காட்சி ஒன்று மிச்சமிருக்கிறது. அதுவரை லைட்டைப் போடாதீர்கள்.