குசினி ரியூப் லைற் இரைகிறதா? மாற்றும்போது விடக்கூடாத தவறுகள்

விசுவமடுவில் எங்கள் வீட்டுக் குசினியில் நாலடி ரியூப் லைற் ஒன்று இருந்தது. சுவிச்சைப் போட்டால் நாலைந்து தரம் மினுங்கும், பிறகுதான் எரியும். எரிகிற நேரம் முழுக்க வண்டு இரைவதுபோல ஒரு சத்தம். அம்மா விடிய நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுவதிலிருந்து இரவு சட்டி பானை கழுவி வைக்கும்வரை அந்த இரைச்சலுக்குக் கீழேதான் நிற்பார். தலையிடிக்குது என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் புது ரியூப் வாங்கிப் போட்டேன். இரண்டு தரம் மாற்றியும் சத்தம் போகவில்லை. பிறகு வயரிங் வேலைக்கு வந்த தம்பி ஒருவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "உது ரியூப் இல்லை அண்ணை, சோக்தான் இரையுது" என்றார்.

முதலாவது தவறு இதுதான். வெளிச்சம் வருகிற இடத்திலிருந்துதான் சத்தமும் வருகிறது என்று நினைத்துவிடுகிறோம். பழைய ரியூப் லைற்றின் தகட்டுப் பெட்டிக்குள் சோக் என்று பாரமான ஒரு கட்டி இருக்கும். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, சுற்றிச் செப்புக் கம்பி சுற்றியது. எங்கள் கரண்ட் 230 வோல்ற், செக்கனுக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரும்பு இரண்டு தரம் காந்தமாகித் தளரும். ஆகவே செக்கனுக்கு 100 தரம் தகடுகள் நடுங்கும். அதுதான் அந்த இரைச்சல். சோக் பழசாகி உள்ளே தகடுகள் இளகினாலோ, அதைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்தாலோ, தகட்டுப் பெட்டி முழுதும் சேர்ந்து அதிரும். அதனால்தான் சில வீடுகளில் திருகாணியை இறுக்கியதுமே சத்தம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ரியூப்பின் இரண்டு முனையும் கறுத்து, எரியாமல் மினுங்கிக்கொண்டே இருந்தால் அதையும் அப்படியே விட்டு வைக்காதீர்கள். ரியூப்பை எரியத் தொடக்கிவிடும் சின்னத் துண்டான ஸ்ராட்டர் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், சோக் சூடேறும்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் எல்லோரும் முதலில் வாங்குவது எல்.ஈ.டி ரியூப். நல்ல பொருள்தான். ஆனால் அதைப் பழைய பெட்டியில் அப்படியே செருகிவிட்டு "இன்னும் இரையுதே" என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோக் உள்ளே இருக்கும்வரை இரைச்சலுக்கான காரணமும் உள்ளேதான் இருக்கிறது. சில எல்.ஈ.டி ரியூப்களோடு ஸ்ராட்டர் போன்ற ஒரு சின்னத் துண்டு தருவார்கள். பழைய ஸ்ராட்டரைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் சோக்கோடு சேர்ந்தே எரியும். சத்தம் குறையலாம், முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது.

வேறு சில ரியூப்களில் ஒரு முனையில் மட்டுமே லைவும் (கரண்ட் வருகிற வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகிற வயர்) கொடுக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் ஒரு முனையில் லைவ், மறு முனையில் நியூட்ரல். எது எப்படி என்று மட்டையிலேயே படம் போட்டிருக்கும். அந்த மட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு ஊகத்தில் வயர் கொடுப்பது ஆபத்து. முனைக்கு ஒன்றாகக் கரண்ட் கொடுக்கிற வகையில், ஒரு பக்கத்தைச் செருகிவிட்டு மறு பக்கத்தைக் கையில் பிடித்திருக்கும்போது கரண்ட் கைக்கே வந்துவிடக்கூடும். சோக்கை நீக்கி வயரை மாற்றிய பெட்டியில் "எல்.ஈ.டி மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு வேறு யாராவது பழைய ரியூப்பைச் செருகினால் அது வெடித்தெரிந்து போகலாம்.

என்னைக் கேட்டால், வீட்டுக் குசினிக்கு இந்தச் சிக்கல் எதுவும் வேண்டாம். பழைய பெட்டியை முழுதாகக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி பொருத்திய புதுச் சட்டத்தையே போடுங்கள். சோக் இல்லை, ஸ்ராட்டர் இல்லை. பழைய 36 வாற் ரியூப் சோக்கோடு சேர்ந்து 45 வாற் அளவில் இழுக்கும். 18 வாற் எல்.ஈ.டி நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் நாலு யுனிற் மிச்சம்.

கழற்றும்போது செய்கிற தவறுதான் எனக்குப் பெரிய பயம். சுவர்ச் சுவிச்சை நிறுத்திவிட்டால் போதும் என்று ஏறிவிடுகிறார்கள். அவசரமாக வயரிங் செய்த வீடுகளில் சுவிச் நியூட்ரலில் இருப்பதுண்டு. லைற் அணைந்திருக்கும், பெட்டிக்குள் லைவ் அப்படியே நிற்கும். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள், அப்புறம் டெஸ்ரர் வைத்துப் பாருங்கள். வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். கூரைக்குள் அணிலும் எலியும் கடித்த வயர் இருந்தால் லைற்றை விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். பெட்டி தகடாக இருந்தால் எர்த் வயர் கட்டாயம் வேண்டும். ஈரக் கையும் ஈர நிலமும் உள்ள இடம் குசினி. கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்திவிடும் ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில், லைற்றை மாற்றமுன் முதலில் அதைப் போடுங்கள். 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருப்பதாக வாங்குங்கள். பிளாஸ்ரிக் கதிரைக்கு மேல் வாங்கை வைத்து ஏறவே வேண்டாம். வயரில் கைவைத்துப் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது இடம். பழைய லைற் இருந்த ஓட்டையிலேயே புதியதையும் மாட்டிவிடுகிறோம். வன்னியில் மீள்குடியேறிக் கட்டிய வீடுகளில் குசினிக்குக் கடைசியில்தான் கரண்ட் இழுத்தோம். எங்கே வயர் முடிந்ததோ அங்கே ஒரு லைற். பெரும்பாலும் அது அடுப்புக்கு எதிர்ச் சுவரில், சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எவ்வளவு வெளிச்சமான லைற் போட்டாலும் அவருடைய நிழலே வெட்டுப் பலகையில் விழும். அம்மா அரிசியில் கல் பார்க்கச் சுளகோடு விறாந்தைக்குப் போவார். இவ்வளவு காலமும் கண் பார்வைதான் குறைகிறது என்று நினைத்திருந்தோம். லைற்றை வேலை மேசைக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்புறமாகத் தள்ளி மாட்டிய பிறகு அவர் விறாந்தைக்குப் போகவில்லை.

வாற் பார்த்து வாங்குவதும் பழைய பழக்கம். வாற் என்பது இழுக்கிற கரண்டின் கணக்கு. வெளிச்சத்தின் கணக்கு லூமென். புது 36 வாற் ரியூப் ஏறக்குறைய 3000 லூமென் தரும், ஆனால் நாலாபக்கமும் பரவும். 18 வாற் எல்.ஈ.டி ரியூப் 1800 லூமென் அளவில்தான் தரும், அது பெரும்பகுதி கீழ்நோக்கியே விழும். வெள்ளையடித்த சுவரென்றால் பத்தடிக்குப் பத்தடிக் குசினிக்கு இது ஓரளவு போதும். விறகு அடுப்புப் புகையில் சுவர் கறுத்திருந்தால் போதாது, கறுப்புச் சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடும். பெரிய லைற் வாங்கமுன் சுவருக்கு ஒருதரம் வெள்ளையடித்துப் பாருங்கள். அடுப்படிக்கு மட்டும் ஒரு சின்ன மின்குமிழ் தனியாகப் போடுவதும் நல்லது.

நிறமும் முக்கியம். கடையில் கேட்காமல் வாங்கினால் நீலம் கலந்த வெள்ளைதான் கையில் வரும். மட்டையில் 6500 கே என்று இருக்கும். கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு. 4000 கே குசினிக்கு எனக்குப் பிடித்தது. மஞ்சள் வெளிச்சம் விரும்பினால் 3000 கே. அதோடு, பொருளின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ என்ற எண் 80க்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டாம். குளத்து மீனின் செவுள் சிவப்பா மங்கலா, இறைச்சி வெந்ததா இல்லையா என்பதெல்லாம் நிறம் பார்த்துத்தானே சொல்கிறோம். இன்னொன்று, முதல் மழை விழுந்த இரவில் ஈசல் படையெடுக்கும்போது நீல வெள்ளைக்கு வருகிற அளவு மஞ்சள் வெளிச்சத்துக்கு வராது. கறிச்சட்டிக்குள் இறகு விழுந்து அனுபவப்பட்டவர்களுக்கு இது பெரிய விசயம்.

மலிவு லைற்றின் குறைகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். சிலது எல்.ஈ.டியாக இருந்தும் இரையும், சிலது கண்ணுக்குத் தெரியாமல் துடித்துத் தலையிடி தரும். கடையில் எரியவிட்டுப் போன் கமராவில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால் துடிப்பு தெரியும். குசினியில் ரேடியோ கேட்கிறவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரமில்லாத லைற் எரிந்தால் ரேடியோ கரகரக்கும். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மோட்டர்கள் ஓடும் நேரத்தில் வோல்ற்றேஜ் விழுகிற ஊரென்றால், மட்டையில் 220–240 என்று இருப்பதை விட 100–240 என்று இருப்பது நன்றாகத் தாங்கும். தகரமோ சீற்றோ போட்ட கூரைக்கு ஒட்டி மாட்டாதீர்கள். நடுப்பகல் வெக்கை, எல்.ஈ.டிக்கு அளவாகக் கரண்ட் கொடுக்க உள்ளே இருக்கும் டிரைவர் என்ற பகுதியைத் தின்றுவிடும். ஒரு அடி கீழே இறக்கி, புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே போகாத மூடிய வகையாகப் போடுங்கள். மாதம் ஒருதரம் நிறுத்திவிட்டுத் துடைத்தால் போதும்.

கழற்றிய ரியூப்பை என்ன செய்வது? வளவுக் குப்பைக் கிடங்கில் உடைத்துப் போடுவது, எரிப்பது, பிள்ளைகள் வாள் வீசி விளையாட விடுவது எல்லாம் நடக்கிறது. அதற்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் நாங்கள் குடிப்பது அதே வளவுக் கிணற்றுத் தண்ணீர். தவறி உடைந்தால் கதவு யன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். விளக்குமாற்றால் கூட்ட வேண்டாம், தூள் பரவும். கடதாசி மட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள போத்தலில் போடுங்கள். உடையாத ரியூப் என்றால் புதிய நாலடி ரியூப் வந்த மட்டைக்குள் அளவாக நுழையும். இரண்டு பக்கமும் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொண்டு, வாங்கிய கடையிலும் பிரதேச சபையிலும் எடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.